சென்னையில் ஓர் ‘இப்னு’: தமிழகக் கரையில் யூதர்

ராஜா அண்ணாமலைபுரத்தில் நம் உறவினர் ஒருவரின் இல்லம் உண்டு. கல்லூரி விடுமுறை நாட்களில் அங்குத் தங்கும்போதெல்லாம், துர்காபாய் தேஷ்முக் சாலை வழியே நடந்து திரு.வி.க. பாலத்தைக் கடந்து அடையாறு நூல் நிலையத்திற்குச் செல்வது பல்லாண்டுகளாக நம் வழக்கம். பாலத்தின்மீது நின்று கிழக்கே நோக்கினால், ஆற்றின் தென்கரையில் பிரம்மஞான சபையின் தோப்பு அடர்ந்து தெரியும். 1882இல் அச்சபையார் வாங்கிய நிலம் அது. எல்லாச் சமயங்களின் அடிப்படையும் ஒன்றே என்பது அவர்தம் கொள்கை. அக்கொள்கை நமக்கு உடன்பாடானதன்று. அது வேறு விவாதம். ஆயினும் அக்கொள்கையின் பயனாக அத்தோப்பினுள் ஓர் இந்துக் கோயில், ஒரு பௌத்த ஆலயம், ஒரு கிறிஸ்தவ தேவாலயம், பார்சிகளின் வழிபாட்டிடம், சிறியதொரு பள்ளிவாசல் என ஒவ்வொரு சமயத்தார்க்கும் ஒன்று எழுந்தது.

யூதர்க்கும் ஒன்று எழுந்திருக்க வேண்டும். 1925 டிசம்பரில், அன்னி பெசன்ட் தலைமையில், சபையின் பொன்விழா அடையாற்றில் நடைபெற்றது. அதற்கு வந்திருந்த யூத உறுப்பினர்கள் கூடித் தமக்கெனத் தனிச் சங்கம் ஒன்றை நிறுவினர். யூதத் தொழுகைக்கூடம் ஒன்றிற்கு அடிக்கல்லும் நாட்டப்பெற்றது. ஆனால் கட்டடம் எழும்பவே இல்லை. தமிழகத் தலைநகரின் நடுவே, அடிக்கல்லோடு நின்றுபோன அந்தத் தொழுகைக்கூடத்தைப் பற்றி எண்ணும்போதெல்லாம் நம் உள்ளத்தில் ஒரு வினா எழும். யூதர் என்பவர் எந்த ஊரார்? அவரை அடையாளம் காட்டுவது மார்க்கமா, வமிசமா, மொழியா, வாழும் மண்ணா?

அச்சங்கத்தில் ஈடுபாடு கொண்டவர்களுள் ஒருவர் எஸ்.எஸ். கோஹன். ஈராக்கில் பிறந்த யூதர். அரபி வழங்கிய ஊரிலிருந்து இந்தியா வந்து, அடையாற்றில் சில காலம் வாழ்ந்து, 1936இல் திருவண்ணாமலை சென்று இரமணரின் சீடராகி, 1980இல் மறைந்தார். ‘கோஹன்’ என்பது யூத குருகுலத்தாரின் பட்டம்; நபி ஹாரூன் (அலை) அவர்களின் வழித்தோன்றல்கள் என்று தம்மைக் கூறிக்கொள்வோர் அதனைத் தரிப்பர். அரபியில் நாம் ‘காஹின்’ என்று வழங்கும் சொல்லும் இதுவும் ஒரே வேரினவே. அங்கே குரு, இங்கே குறி சொல்பவன்! ஒரே வேர் இரு வீடுகளில் வளர்ந்து இருவேறு பொருள் கொண்டதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வகுப்பறையில் நமக்குக் கிடைத்ததில்லை.

அதே காலத்தில் ஈராக்கின் பஸராவில் பிரம்மஞானத்தை ஏற்ற யூதக் குடும்பங்களை அங்குள்ள யூத மதத்தலைமை சமூகவிலக்கு செய்தது. ஒருவர் யூதராகவும் இன்னொன்றாகவும் ஒரே நேரத்தில் இருக்கலாகுமா என்பதே அங்கு எழுந்த வழக்கு. விலக்கியோர் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. தன் மார்க்கத்தின் எல்லையைக் காக்க எந்தச் சமுதாயமும் முனையும். நாமும் முனைகிறோம். ஆனால் மார்க்கத்தின் எல்லையைக் காப்பது வேறு. ஒருவர் எம்மொழி பேசலாம், எம்மண்ணைத் தம்முடையது எனலாம் என்று எல்லை வகுப்பது வேறு. இவ்விரண்டையும் குழப்பியதால் விளைந்த துன்பங்களுக்கு யூதர் வரலாறே பெருஞ்சான்று. அவ்வரலாற்றின் ஒரு கிளை இச்சென்னையிலேயே இருக்கிறது.

ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து வடகிழக்கே சிறிது தூரத்தில் சாந்தோம். பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே போர்த்துக்கீசியர் அங்குக் குடியேறிவிட்டனர். அவர்களுடைய நாட்டில் 1497இல் யூதர் அனைவரும் வலுக்கட்டாயமாகக் கிறிஸ்தவராக்கப்பட்டிருந்தனர். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், கிரனாடா வீழ்ந்த 1492ஆம் ஆண்டிலேயே, ஸ்பெயின் தன் யூதரை நாடு கடத்தியது. அந்தலுஸ் முஸ்லிம்களின் கதை நம் வாசகர் அறிந்ததே. பெயரை மாற்றி, மொழியைத் துறந்து, ‘மோரிஸ்கோக்கள்’ என்ற பழிப்பெயருடன் ஒரு நூற்றாண்டு வாழ்ந்தும், 1609 முதல் 1614 வரை அவர்களும் வெளியேற்றப்பட்டனர். மதம் மாற்றப்பட்ட யூதர்க்கு இடப்பட்ட பெயர் ‘புதிய கிறிஸ்தவர்’. மாறியபின்னும் ‘புதியவர்’! மூன்று தலைமுறை கடந்தபின்னும் அவர்கள் வீட்டு அடுப்பில் வெள்ளி மாலை என்ன சமைக்கப்படுகிறது என்று அண்டை வீட்டார் மோப்பம் பிடித்தனர்.

அந்த மோப்பம் கடல் கடந்தும் வந்தது. 1560இல் கோவாவில் மதவிசாரணை மன்றம் நிறுவப்பட்டது. கிழக்கேயிருந்த போர்த்துக்கீசியக் குடியிருப்புகள் யாவும் அதன் ஆணைக்கு உட்பட்டன. கார்சியா த ஓர்த்தா என்னும் மருத்துவர் கோவாவில் வாழ்ந்தவர். இந்திய மூலிகைகளைப் பற்றி 1563இல் அவர் அச்சிட்ட நூல் இன்றும் போற்றப்படுகிறது. இப்னு சீனாவின் மருத்துவத்தில் தோய்ந்தவர். இந்நாட்டு வைத்தியர்களிடம் கேட்டறிந்தவற்றையும் தயங்காது எழுதியவர். புதிய கிறிஸ்தவராகவே 1568இல் இறந்தார். அடுத்த ஆண்டே அவருடைய சகோதரி கத்தரீனா, இரகசியமாக யூத நெறியைப் பேணினார் என்று குற்றஞ்சாட்டப்பட்டுத் தீயிலிடப்பட்டார். 1580இல் ஓர்த்தாவின் எலும்புகளையும் தோண்டியெடுத்து எரித்தனர். இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆன ஒருவருடைய எலும்பிடம் ‘நீ யார்?’ என்று கேட்ட கொடுமை இது.

சாந்தோமிற்கு வடக்கே சில மைல் தொலைவில், 1639இல் பெற்ற நிலத்தில் ஆங்கிலேயர் கோட்டை எழுப்பினர். அக்கோட்டையின் நிழலில்தான், அதே போர்த்துக்கீசிய யூதரின் பேரப்பிள்ளைகள் தாம் யூதர் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வாழத் தொடங்கினர். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனிலிருந்தும் ஆம்ஸ்டர்டாமிலிருந்தும் அவர்கள் வந்தனர். ஜாக் த பைவா, பார்த்தோலோமியோ ரோட்ரிக்ஸ், தோமிங்கோ தோ போர்த்தோ, அல்வாரோ த பொன்சேகா என்பன அவர்தம் பெயர்கள். பார்த்தோலோமியோ என்பது ஈஸா (அலை) அவர்களின் சீடர் ஒருவரின் பெயர். தோமிங்கோ என்றால் போர்த்துக்கீசிய மொழியில் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமையைப் புனித நாளாகப் போற்றும் சமயத்தார் ஞாயிற்றுக்கிழமையைப் பெயராகச் சுமந்து சென்னை வீதிகளில் நடந்தனர்! பாட்டனார் அஞ்சிப் போட்டுக்கொண்ட முகமூடி பேரனுக்கு முகமாகவே ஒட்டிக்கொண்டுவிட்டது. அஞ்ச வேண்டாத ஊருக்கு வந்தபின்னும் அவர்கள் அப்பெயர்களைக் களையவில்லை. தொழுகையில் ஈபுரு, வீட்டில் போர்த்துக்கீசியம், கணக்கேட்டில் அவ்வப்போது ஆங்கிலம், கடைவீதியில் துபாஷியின் வாய்வழித் தமிழும் தெலுங்கும் என்று அவர்கள் நாள் கழிந்தது.

அவர்களை ஈர்த்தது பவளமும் வைரமும். மத்தியதரைக் கடலின் செம்பவளம் இத்தாலியின் லிவோர்னோ துறையிலிருந்து இலண்டன் வழியாகச் சென்னைக்கு வரும். திருக்குர்ஆனின் ‘அர்ரஹ்மான்’ அத்தியாயத்தில் முத்தோடு இணைத்துச் சொல்லப்படும் ‘மர்ஜான்’ இதுவே என்பது விரிவுரையாளர் பலர் கருத்து. தென்னாட்டில் நவமணிகளுள் ஒன்றாகிய பவளத்திற்கு என்றும் தட்டுப்பாடில்லாத விலை. அதனை விற்ற பணத்தில் கோல்கொண்டாப் பகுதியின் வைரங்களை வாங்கி இலண்டனுக்கு அனுப்பினர். சென்னை முத்தியாலுபேட்டையின் பவளக்காரத் தெரு இவ்வாணிகத்தின் நினைவைப் பெயரில் தாங்கி நிற்கிறது. அத்தெரு வழியே இன்று செல்வோரில் எத்தனை பேர் அப்பெயரின்பின் லிவோர்னோவும் இலண்டனும் இருப்பதை எண்ணுவர்?

1688 செப்டம்பர் 29 அன்று சென்னை மாநகராட்சி தொடங்கப்பெற்றது. மேயருக்குத் துணையாக நியமிக்கப்பட்ட பன்னிரு ஆல்டர்மன்களுள் மூவர் யூத வணிகர். இலண்டன் மாநகரிலேயே யூதர் எவரும் அந்நாளில் அப்பதவியை எண்ணிப்பார்க்க முடியாது. இதனைக் கொண்டு ஆங்கிலக் கம்பெனியாரின் பெருந்தன்மையைப் புகழ்வோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. பவளம் கொண்டுவருபவன் யாராயினும் அவனுக்கு நாற்காலி கிடைக்கும் என்பதே அக்கணக்கு. உரிமம் பெற்றே அவர்கள் இங்கு வாழ முடிந்தது. 1720களில் பிரேசிலில் வைரம் கண்டெடுக்கப்பட்டபின் கோல்கொண்டா வைரத்தின் மதிப்புக் குன்றியது. பதினெட்டாம் நூற்றாண்டு முடிவதற்குள் சென்னையின் யூதக் குடியிருப்பும் ஏறத்தாழ மறைந்தது.

அவ்வணிகருள் ஒருவர்மீது நமக்குத் தனிப்பற்று உண்டு. ஐசக் சார்தோ அபென்தானா. வைரம் பார்ப்பதில் வல்லவர். ஆளுநர் தாமஸ் பிட் வைர வாணிகத்தில் இவருடைய அறிவை நாடினார். 1709இல் சென்னையிலேயே மறைந்தார். இவர் பெயரை முதன்முதலில் ஒரு நூலில் கண்டபோது நாம் வாசிப்பை நிறுத்தி அப்பெயரையே பார்த்துக்கொண்டிருந்தோம். ‘அபென்’ என்பது வேறொன்றுமன்று, நம் ‘இப்னு’தான். இப்னு சீனா மேலை நாட்டார் வாயில் அவிசென்னா ஆனதும், இப்னு ருஷ்து அவெரோஸ் ஆனதும் யாவரும் அறிந்தது. அவ்வண்ணமே அந்தலுஸ் யூதர் தம் பெயர்முன் வைத்திருந்த அரபிச் சொல் ஸ்பானிய வாயில் ‘அபென்’ ஆயிற்று. அரபியரைத் துரத்திய நாட்டார், அரபி நூல்களைத் தீயிலிட்ட நாட்டார், அவ்வொரு சொல்லை எரிக்க மறந்துவிட்டனர். ஈபுருவில் ‘பென்’ என்று சொந்தச் சொல்லே இருக்க, இக்குடும்பத்தார் ‘இப்னு’வையே சுமந்து ஐபீரியாவிலிருந்து ஹாலந்துக்கும், அங்கிருந்து வங்காள விரிகுடாவின் கரைக்கும் வந்து சேர்ந்தனர். அரபி பேசத் தெரியாத ஒரு யூதருடைய பெயரில், ஓர் அரபிச் சொல், தமிழ் மண்ணுக்குள் இறங்கியது.

அரபி மொழிக்கும் யூதர்க்கும் இருந்த உறவு பெயரளவில் நின்றதன்று. மூஸா இப்னு மைமூன் தம் தலைசிறந்த தத்துவ நூலாகிய ‘தலாலத்துல் ஹாயிரீ’னை அரபியில்தான் இயற்றினார், எழுத்து மட்டும் ஈபுரு. ஸலாஹுத்தீன் அய்யூபியின் அமைச்சர் அல்காழி அல்ஃபாழில் இவரைப் பேணியவர். இவருடைய தம்பி தாவூத் இந்திய வாணிகத்திற்குப் புறப்பட்டுக் கடலில் மூழ்கி இறந்தார். அத்துயரில் இவர் நெடுங்காலம் நோயுற்றுக் கிடந்தார். நம் கடல் அவ்வகையிலும் யூத வரலாற்றில் இடம்பெற்றுள்ளது.

கெய்ரோவின் பழம்பகுதியாகிய ஃபுஸ்தாத்தில் பென் எஸ்ரா தொழுகைக்கூடம் உள்ளது. இறைநாமம் எழுதப்பட்ட தாள்களை எறியாது ஓரறையில் இட்டுவைப்பது யூதர் வழக்கம். ‘கெனீஸா’ என்பர். பழுதுற்ற முஸ்ஹஃபுகளைப் புதைப்பதும் நீரில் விடுவதுமாகிய நம் வழக்கத்தோடு இதனை ஒப்பிடலாம். பல நூற்றாண்டுகள் குவிந்த அத்தாள்களின் பெரும்பகுதியை 1896–97இல் சாலமன் ஷெக்டர் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டு சென்றார். அவற்றினிடையே இந்திய வணிகர் கடிதங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றைத் திரட்டி ஆய்ந்த பெருமை எஸ்.டி. கோய்தைன் என்னும் அறிஞர்க்கு உரியது.

அக்கடிதங்களில் நிறைந்திருப்பவர் ஆபிரகாம் பென் யிஜு. தூனிஸியாவின் மஹ்திய்யாவில் பிறந்து, ஏடன் வழியாக 1132 வாக்கில் மங்களூர் வந்தவர். 1149 வரை இக்கரையில் மிளகு விற்றார். வெண்கலப் பட்டறை நடத்தினார். ஏடனிலிருந்து கூட்டாளிகள் அவருக்குக் காகிதமும் சர்க்கரையும் அனுப்பினர். 1132 அக்டோபரில் ஆஷு என்ற இந்நாட்டு அடிமைப்பெண்ணை விடுதலை செய்து அவர் எழுதிய ஆவணம் கிடைத்துள்ளது. அவளுக்கு இட்ட ஈபுருப் பெயர் பெராகா. நம் ‘பரக்கத்’தும் அதுவும் ஒன்றே. அவளையே அவர் மணந்தார் என்று ஆய்வாளர் கொள்வர். அவருடைய மகளின் பெயர் ஸித்துத் தார். மகன் பெயர் ஸுரூர். இரண்டும் தூய அரபிப் பெயர்கள். அவருக்காக ஏடன் சென்று வந்த பொம்மா என்னும் அடிமைக்கு, அங்குள்ள யூத வணிகர்கள் மரியாதையோடு ஸலாம் சொல்லி எழுதினர். கடிதங்களில் ‘ஃபதன்ஸ்வாமி’ என்றொரு கப்பற்காரர் வருகிறார். யாரென்று திகைக்க வேண்டா. அரபியில் பகரம் இல்லை. ‘பட்டணசுவாமி’ என்ற நம் நாட்டு வணிகத் தலைவர் பட்டத்தை அவ்வாறு எழுதினர்.

ஈண்டு வகுப்பறை நிகழ்ச்சி ஒன்றைக் கூறுவது பொருந்தும். முதுகலைப் படிப்பின்போது ஈபுரு எழுத்துகளைச் சிறிது கற்றிருந்தோம். 2023ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள், மேல்வகுப்பு மாணவர்க்கு மொழி வரலாறு நடத்துகையில், பழைய வணிகக் கடிதத்தின் நடையில் நாமே அமைத்த ஒரு வாசகத்தைக் கரும்பலகையில் ஈபுரு எழுத்தில் எழுதிவிட்டு உரக்கப் படித்தோம். ‘உஸ்தாத், இது அரபியல்லவா!’ என்று வியந்தனர். ‘ஆம், எழுதியவர்கள் யூதர்கள்’ என்றோம். வகுப்பு அமைதியாயிற்று. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். ‘காஸாவில் குழந்தைகள் செத்துக்கொண்டிருக்கும் வேளையில், இவர்கள் கடிதத்தை நாம் ஏன் படிக்க வேண்டும்?’ என்றார். அவருடைய குரல் நடுங்கியது. நம்மால் உடனே விடைகூற முடியவில்லை. அவர் கோபம் நீதியானது. அதனை இகழ நமக்கு மனமில்லை. ஆனால் 1948இல் உருவான ஓர் அரசும், 1132இல் மங்களூரில் மிளகு விற்ற ஒரு மனிதரும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனரே, அச்சொல் அவ்வளவு சிறிதா என்பதே நம் தயக்கம். நம் ஏடுகளிலும் மேடைகளிலும் ‘யூதர்’ என்பதும் ‘இஸ்ரேல்’ என்பதும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக வழங்குகின்றன. நாமும் ஒரு காலத்தில் அவ்வாறு எழுதியதுண்டு.

அன்று விடைக்குப் பதிலாக, கல்லூரி நூலகத்திலிருந்து பழைய அரபுத்தமிழ் நூலொன்றை எடுத்துவரச் செய்தோம். தமிழ் ஓசைகளுக்காக அரபி எழுத்துகளில் கூடுதல் புள்ளியிட்டு எழுதுவது நம் முன்னோர் முறை. அரபி ஓசைகளுக்காக ஈபுரு எழுத்துகளில் புள்ளியிட்டு எழுதினர் கெய்ரோ யூதர். ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக இரண்டையும் கரும்பலகையில் எழுதினோம். ‘இதனை எழுதிய நம் பாட்டனார் அரபியரா, தமிழரா?’ என்று கேட்டோம். அம்மாணவர் பேசவில்லை. மறுவாரம், தம் பாட்டியார் ஓதிய மாலை ஏடு ஒன்றைப் பையில் வைத்துக் கொண்டுவந்தார். அரபி எழுத்தை மளமளவென்று படிக்கும் அவர், புள்ளி கூடிய எழுத்துகளில் தடுக்கித் தடுக்கி அதனைப் படித்துக் காட்டினார். கோபம் தணிந்ததா என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இனி நமக்கு இன்னும் அண்மையான சொல்லொன்றைப் பார்ப்போம். தக்கலை, தென்காசிப் பகுதி முஸ்லிம்களுக்கு ‘அஞ்சுவண்ணம்’ அறிமுகமான பெயர். தோப்பில் முஹம்மது மீரான் ‘அஞ்சுவண்ணம் தெரு’ என்றே ஒரு நாவல் எழுதினார். ஐந்து வண்ண நூல், ஐந்து சாதி என்றெல்லாம் இதற்கு வழங்கும் விளக்கங்கள் பிற்காலத்தன. ஒன்பதாம் நூற்றாண்டு முதல் செப்பேடுகளிலும் கல்வெட்டுகளிலும் இச்சொல் வணிகக் குழுவொன்றின் பெயராகவே வருகிறது. ‘அஞ்சுமன்’ என்னும் பாரசீகச் சொல்லின் திரிபே இது என்பது ஆய்வாளர் பலர் துணிபு.

கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு கி.பி. 849இல் பொறிக்கப்பட்டது. வட்டெழுத்தில் அமைந்த அச்சாசனத்தின் இறுதியில் சாட்சிகள் கையொப்பமிட்டுள்ளனர். சிலர் கூஃபி அரபியில், சிலர் பஹ்லவியில், சிலர் ஈபுரு எழுத்தில் எழுதிய பாரசீகத்தில். கிறிஸ்தவப் பள்ளிக்குக் கொடுத்த கொடைக்கு முஸ்லிம்களும் பார்சிகளும் யூதர்களும் சாட்சி! அதற்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்து, ஏறத்தாழ கி.பி. 1000இல், சேரமன்னர் பாஸ்கர ரவிவர்மர் முயிரிக்கோட்டில் இருந்தருளி, ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு ‘அஞ்சுவண்ண’ப் பேற்றையும் எழுபத்திரண்டு விடுபேறுகளையும் வழங்கினார். இச்செப்பேடு யூதருடையது என்பதால் அஞ்சுவண்ணம் என்றாலே யூதர் என்று நெடுநாள் கருதினர். ஆனால் தமிழ் முஸ்லிம் இலக்கியத்துள் பழமையானதாக மதிக்கப்படும் ‘பல்சந்தமாலை’யின் எஞ்சிய செய்யுட்களிலும் அஞ்சுவண்ணத்தார் வருகின்றனர், அவர்கள் அல்லாஹ்வை வணங்குவோர். தொண்டியை அடுத்த தீர்த்தாண்டதானத்தின் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டிலும் அக்குழு காணப்படுகிறது. கடல் கடந்து வந்த வணிகர், யூதரோ முஸ்லிமோ கிறிஸ்தவரோ, இம்மண்ணில் ஒரு பெயரின்கீழ் நின்றனர். யூதர் இங்குக் குறைந்தபோது அப்பெயர் முஸ்லிம்களிடமே தங்கிவிட்டது. தக்கலைத் தெருவில் இன்று நம்மவர் தாங்கும் பெயர் ஒருகாலத்தில் ஜோசப் ரப்பான் தாங்கிய பெயர்.

மலையாளக் கரையிலும் இவ்வாறே. சோனக மாப்பிள்ளை, நசுராணி மாப்பிள்ளை, யூத மாப்பிள்ளை என்று மூவரையும் ‘மாப்பிள்ளை’ என்றே அழைத்தனர். கொச்சி யூதரின் தலைவருக்கு மன்னர் அளித்த பட்டம் ‘முதலியார்’. அவர்தம் பெண்டிர் மலையாளத்தில் யூதப் பாடல்களை இயற்றித் தலைமுறை தலைமுறையாக ஏடுகளில் எழுதிவைத்துப் பாடினர்.

இவ்வளவும் சொல்லி, இக்கரை யாவர்க்கும் இனிய சோலையாகவே இருந்தது என்று முடித்துவிடுவது எளிது. உண்மை அவ்வாறு இல்லை. ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் தம் ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீ’னில், ஹிஜ்ரி 931இல் (கி.பி. 1524–25) கொடுங்கல்லூரில் முஸ்லிம்கள் யூதர் பலரைக் கொன்று அவர்தம் வீடுகளையும் தொழுகைக்கூடங்களையும் எரித்ததைப் பதிவு செய்துள்ளார். போர்த்துக்கீசியரின் கொடுமைகளை ஒன்றுவிடாது பட்டியலிட்ட அதே பேனா, தம்மவர் செய்ததையும் மறைக்கவில்லை. அந்நூலைப் பாடமாக நடத்துவோர் அப்பகுதியை விரைந்து கடந்துவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். கடக்கலாகாது என்பதே நம் கருத்து. கொடுங்கல்லூரில் நிலைகுலைந்த யூதர் பலர் கொச்சி மன்னரிடம் அடைக்கலம் புகுந்தனர். 1568இல் அரண்மனையை ஒட்டியே பரதேசித் தொழுகைக்கூடம் எழுந்தது.

யூதர் தம்முள்ளும் குறையின்றி இல்லை. ஸ்பெயினிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்த ‘பரதேசி’கள், பன்னூறு ஆண்டுகளாக இங்கிருந்த மலபார் யூதரைத் தாழ்வாக நோக்கினர். விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோரைத் தொழுகைக்கூடத்தினுள் சமமாக அமரவும் விடவில்லை. ஐபீரியாவில் ‘தூய இரத்தம்’ என்ற பெயரால் தாம் பட்ட துன்பத்தை இங்கு மறந்துவிட்டனர். இம்மண்ணின் சாதிப் பாடத்தை மட்டும் விரைவில் கற்றுக்கொண்டனர். அவ்விலக்கப்பட்டோருள் பிறந்த ஏ.பி. சேலம் (1882–1967) சென்னையில் பட்டம் பெற்ற வழக்கறிஞர். கொச்சி சட்டசபையில் உறுப்பினராக இருந்தவர். 1929இல் லாகூர் காங்கிரஸில் கலந்துகொண்டவர். காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தைத் தம் தொழுகைக்கூடத்தின் வாயிற்படியில் நடத்தினார். யூதர், மலையாளி, காங்கிரஸ்காரர் ஆகிய மூன்றில் எதனை விட்டிருந்தாலும் அப்போராட்டம் நடந்திராது.

1950களில் மலபார் யூதருள் மிகப் பெரும்பாலோர் இஸ்ரேல் சென்றனர். துரத்தப்பட்டுச் சென்றாரல்லர், சமய வேட்கையும் வாழ்வின் தேவையும் அழைத்துச் சென்றன. அவர்கள் சென்று குடியேறிய மண்ணில் வேறொரு மக்கள் வேரோடு பெயர்க்கப்பட்டிருந்தனர் என்பதை இங்கு எழுதாமல் விடுவது நேர்மையாகாது. அங்கே ‘கொச்சினி’கள் எனப்பட்டனர், இந்தியர் என்று அடையாளம் காட்டப்பட்டனர். இங்கே ஆயிரம் ஆண்டுகள் யூதர். அங்கே போன மறுநாளே மலையாளி!

அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களை ‘யூதப் பெண்’ என்று சிலர் குத்திப் பேசியபோது, தந்தை ஹாரூன், சிறிய தந்தை மூஸா, கணவர் முஹம்மது என்று மறுமொழி கூறுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததாகத் திர்மிதியில் வருகிறது. ஸஃபிய்யா அவர்கள் முஸ்லிம்களின் அன்னை. ஆயினும் அவர்தம் வமிசத்தை மறைக்கவோ மறக்கவோ சொல்லப்படவில்லை. அதனையே பெருமையாக எடுத்துரைக்கச் சொல்லப்பட்டது. இந்த ஹதீஸை நற்பண்பு பற்றிய பாடத்தில்தான் நடத்தி வந்தோம். சென்னை யூதரைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பின்னரே, அதனுள் இன்னொரு பாடமும் இருப்பது புலப்பட்டது.

சென்னையின் பழைய யூதர் கல்லறைகள் முதலில் தங்கசாலைத் தெருவில் இருந்தன. நகரம் வளர வளர அவை இடம்பெயர்ந்தன. 1930களில் காசிமேட்டிற்கும், துறைமுக விரிவின்போது, 1980களில், லாயிட்ஸ் சாலைக்கும் கொண்டுவரப்பட்டன. இன்றைய அவ்வை சண்முகம் சாலை அது. சென்ற ஷஅபானில், ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து ஆட்டோ ஒன்றில் அங்குச் சென்றோம். பக்கத்திலேயே சீனர் கல்லறை. யூதர் கல்லறையின் கதவு பூட்டியிருந்தது. கம்பிகளின் ஊடே சில கற்கள் தெரிந்தன. எழுத்துகள் அத்தொலைவில் நம் கண்ணுக்குப் புலப்படவில்லை.

தெருவோரம் இளநீர் விற்ற முதியவர் நம் தொப்பியையும் தாடியையும் ஏற இறங்கப் பார்த்தார். ‘உங்க ஆளுங்களா பாய்?’ என்றார்.

‘இல்லை ஐயா, ஒரு பேரைப் படிக்கலாம்னு வந்தோம்’ என்றோம்.

‘சாவி வச்சிருக்கிறவரு எப்பவாச்சும்தான் வருவாரு. இன்னொரு நாள் காலையில வந்து பாருங்க’ என்று சொல்லிவிட்டு, ஓர் இளநீரை எடுத்துச் சீவத் தொடங்கினார்.